சிவிஏ 46லிருந்து 49: முன்னேற்றமா, அளவுப் பிழையா?

தசைநாண் (இயன்முறை சிகிச்சை)

வணக்கம். கழுத்து வலியோட வந்த ஒருத்தருக்கு, தையல் மெஷின்ல உட்காருற வேலை, முதல் விசிட்ல பக்கவாட்டு போட்டோ எடுத்து கிரேனியோவெர்டிப்ரல் ஆங்கிள் (சிவிஏ: கழுத்தடி எலும்பு சி7லிருந்து காதுக்குப் போற கோடு கிடைமட்டத்தோட பண்ற கோணம், தலை முன்னால வந்தா குறையும்) அளந்தேன். 46 டிகிரி. எக்ஸர்சைஸ் முடிஞ்சு திரும்ப எடுத்தப்ப 49. வலி குறைஞ்சிருக்கு. ரிப்போர்ட்ல "தலை நிலை மேம்பட்டது"ன்னு எழுதலாமா?

எடுத்த விதம்: நோயாளி ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். நான் நின்னு, போனைக் கையில பிடிச்சு, ஒரு மீட்டர் தூரத்துல இருந்து எடுத்தேன். சி7 மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு, காது ட்ரேகஸ் (காதுத் துளைக்கு முன்னால இருக்கிற சின்ன மடல்) மேல ஒண்ணு. கோணம் கினோவியாங்கிற அளக்கிற மென்பொருள்ல பார்த்தது. ஒரே போட்டோவை மறுபடி அளந்தா அரை டிகிரிகூட மாறல, அதனால அளவு சரின்னுதான் தோணுது.

---

குறுக்கெலும்பு (இயன்முறை, முதுநிலைப் பயிற்றுநர்)

ஒரே படத்தை இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால், மவுஸை ஒரே இடத்தில் வைக்கிறீர்கள் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். பிழை படம் எடுப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். சி7 உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. ட்ரேகஸ் அதைவிட சுமார் 7 செ.மீ. கேமரா பக்கமாக வெளியே இருக்கிறது. இரண்டு புள்ளிகளும் ஒரே தளத்தில் இல்லை என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். படத்தில் சி7க்கும் ட்ரேகஸுக்கும் இடையே உள்ள கோடு 15 செ.மீ. நீளம், உண்மைக் கோணம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் போன் அவருடைய காதைவிட 30 செ.மீ. உயரத்தில் இருப்பது சர்வசாதாரணம். ஒரு மீட்டர் தூரத்தில் அந்த உயரம் காதைப் படத்தில் 2 செ.மீ.க்கு மேல் கீழே தள்ளிவிடும். கோணம் 44 ஆகிவிடும். அதே 30 செ.மீ. உயரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி எடுத்தால் 47 வரும். அடுத்த விசிட்டில் நீங்களும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தால் சரியாக 50. நோயாளியின் கழுத்து இம்மியும் மாறவில்லை, எண் மட்டும் ஆறு டிகிரி ஏறிவிட்டது. உங்கள் 46ம் 49ம் இந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தீர்வு எளிது. லென்ஸின் மையம் சி7க்கும் ட்ரேகஸுக்கும் இடைப்பட்ட கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் எங்கே வைத்தாலும் காதின் இடப்பெயர்ச்சி அதே கோட்டின் வழியாகவே போகும். கோட்டின் நீளம் மாறும், கோணம் மாறாது. அதனால் ட்ரைபாடை ஒவ்வொரு நோயாளியின் உயரத்துக்கும் ஏற்றி இறக்க வேண்டும். தரையிலிருந்து இத்தனை செ.மீ. என்று எல்லோருக்கும் ஒரே உயரம் வைப்பது ஒழுங்காகத் தெரியும், ஆனால் குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் வேறுவேறு பிழையைக் கொடுக்கும்.

தூரம் 2 முதல் 2.5 மீட்டர், போனில் 2எக்ஸ் லென்ஸ். அல்ட்ரா வைடு லென்ஸைத் தொடவே வேண்டாம். தலையும் கழுத்தும் படத்தின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் லென்ஸ் வளைக்கும். போன் ஒரு டிகிரி சாய்ந்தால் கோணத்திலும் ஒரு டிகிரி அப்படியே கூடும் அல்லது குறையும். அதனால் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டு நூல் தொங்கவிடுங்கள், படத்தில் தெரியும்படி. கொத்தனார் குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு கனமான நட்டு போதும். மென்பொருள் காட்டும் கிடைக்கோட்டை நம்பாமல், நூலுக்கும் சி7–ட்ரேகஸ் கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளந்து 90லிருந்து கழியுங்கள்.

---

இயன்முறை_மாணவி

சார், எங்க தீசிஸ்லயும் இதேதான் அளக்கிறோம். சி7 கண்டுபிடிக்கிறதுலயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருது. ரொம்ப துருத்திக்கிட்டு இருக்கிறதுதான் சி7ன்னு எடுத்துக்கலாமா?

---

குறுக்கெலும்பு

வேண்டாம். பலருக்கு சி7தான் துருத்தும், ஆனால் அதற்கு அடுத்த கீழ் எலும்பான டி1 அதிகம் துருத்துபவர்களும் கணிசம். கழுத்தைக் கொஞ்சம் குனியச் சொல்லி, துருத்தும் இரண்டு முள்முனைகள் மேல் இரு விரல்களை வையுங்கள். பிறகு மெதுவாக அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சி6 முன்னால் நழுவி விரலுக்குக் கீழிருந்து மறைந்துவிடும். அதற்குக் கீழே, மறையாமல் விரலில் தங்குவது சி7.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: குனிந்த நிலையிலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். தலை நிமிரும்போது தோல் எலும்பின் மேல் நகரும், ஸ்டிக்கர் அதனுடன் போகும். விரலை எடுக்காமல் தலையை வழக்கமான நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி தொட்டு உறுதிசெய்து, அப்புறம் ஒட்டுங்கள். கோட்டுக்குக் குறுக்காக அரை செ.மீ. தள்ளிப் போனாலே கிட்டத்தட்ட 2 டிகிரி.

தட்டையான பொட்டு பக்கவாட்டில் தெரியாது. அது தெரிவதற்காக நோயாளியையே லேசாகத் திருப்பிவிடுவார்கள், அது இன்னும் மோசம். தலை 10 டிகிரி திரும்பினால் ட்ரேகஸ் ஒரு செ.மீ.க்கு மேல் முன்னோ பின்னோ போகும், கோணம் மூன்று நான்கு டிகிரி ஆடும். சின்னத் தெர்மாகோல் உருண்டையோ மணியோ இருபக்க டேப்பில் ஒட்டுங்கள். ஆனால் கோணத்தை உருண்டையின் அடியிலிருந்து, தோலைத் தொடும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். 2 செ.மீ. துருத்தும் மார்க்கரின் நுனியிலிருந்து அளந்தால் 50 டிகிரி 45 ஆகிவிடும். ஒரு குழுவில் இருவர் அளக்கிறார்கள், ஒருவர் நுனியில், இன்னொருவர் அடியில் என்றால் தீசிஸே போச்சு.

காலர் உள்ள சட்டை, சுடிதார் ஷால், பின்னல், எல்லாம் விலக வேண்டும். காதின் மேல் விழும் முடியைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள்.

---

இயன்முறை_மாணவி

நோயாளிகிட்ட என்ன சொல்லி உட்கார வைக்கிறது? "நேரா உட்காருங்க"ன்னு சொன்னதும் எல்லாரும் விறைச்சுக்கிறாங்க.

---

தாடைக்கோடு (பல் சீரமைப்பு)

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் பழைய விடை உண்டு. பக்கவாட்டு செஃபலோகிராம் (தலை எக்ஸ்ரே) எடுக்கும்போது தலையின் இயல்பு நிலை வேண்டும் என்பதற்காக சோலோவும் டால்கிரெனும் 1971ல் விவரித்த முறை. தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்ல வேண்டும், முதலில் பெரிதாக, பிறகு படிப்படியாகச் சிறிதாக்கி, தானாக வசதியாக நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும். தன்சமநிலை என்று அதைச் சொல்லலாம். கண்ணாடி முறை இன்னொன்று: எதிரே கண்ணாடியில் தன் கண்களையே பார்க்கச் சொல்வது. இரண்டும் ஒரே எண்ணைத் தராது, தேவையும் இல்லை. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள்.

"நேரா", "நிமிர்ந்து", "சரியா" ஆகிய மூன்று சொற்களும் அளக்கும் அறையில் வாயிலிருந்து வரக்கூடாது. நிற்க வைப்பதானால் அதே இடத்தில் சில அடி மிதிக்கச் சொல்லி, தலையாட்டல், பிறகு படம். மொத்தம் மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையாட்டல் மறுபடியும். சராசரியை எழுதுங்கள். ப்ரோக்ரெஸிவ் மூக்குக்கண்ணாடி போடுபவர் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார். மூக்குக்கண்ணாடியோடு எடுத்ததா இல்லாமலா என்று குறியுங்கள்.

இன்னொன்று. சிவிஏ மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான். தலை முன்னால் வந்த ஒருவர் மேல்கழுத்தைப் பின்னால் வளைத்து முகத்தைத் தூக்கியிருப்பார், இன்னொருவர் முகத்தைக் கவிழ்த்திருப்பார். சிவிஏ இருவருக்கும் 45 வரலாம். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து ட்ரேகஸுக்கு ஒரு கோடு போட்டு அது கிடைமட்டத்தோடு எவ்வளவு சாய்கிறது என்று அதே படத்தில் பாருங்கள். கூடுதல் வேலை அரை நிமிடம்.

---

ஆர்த்தாப்டிக்ஸ்_மதுரை (கண் தசைப் பிரிவு)

பேச்சு பக்கவாட்டுக் கோணத்திலேயே நிற்கிறது. தலை சாய்வோடு வரும் நோயாளி எல்லாரும் கழுத்து நோயாளி கிடையாது, அதையும் இங்கே பேசிவிடலாம். குழந்தைகளை "கழுத்து சுளுக்கு" என்று மாதக்கணக்கில் கழுத்தை இழுத்துவிட்டு, பிறகு கண் பிரிவுக்கு அனுப்புவது இன்னும் நடக்கிறது. காரணம் நாலாம் நரம்பு வாதமாக (கண்ணை அசைக்கும் ஒரு தசைக்கான மண்டை நரம்பு செயலிழப்பது) இருக்கும்.

பிரித்தறிய, பார்த்ததுமே தெரியும் ஓர் அடையாளம்: ஸ்டெர்னோமாஸ்டாய்டு (கழுத்தின் பக்கவாட்டுத் தசை) இறுகிய குழந்தைக்குத் தலை இறுகிய பக்கம் சாயும், மோவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். வலது நாலாம் நரம்பு வாதத்தில் தலை இடப்பக்கம் சாயும், முகமும் பெரும்பாலும் இடப்பக்கமே திரும்பும், மோவாய் கீழே போகும். அதாவது சாய்வும் திருப்பமும் ஒரே திசை. தசை இறுக்கம் தொட்டால் இருக்காது, கழுத்தை நீங்கள் கையால் திருப்பினால் தாராளமாகத் திரும்பும். தூங்கும்போது தலை நேராகிவிடுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். இரு கண் பார்வையைச் சேர்த்து வைக்கத்தான் தலை சாய்கிறது என்றால், மூடியதும் சாய்வு குறையும். நிஸ்டாக்மஸில் (கண் தானாக ஆடும் கோளாறு) ஆட்டம் மிகக் குறையும் பார்வைத் திசைக்காக, அதாவது நல் (null) பாயின்டுக்காக, தலையைத் திருப்புகிறவருக்கு மூடினாலும் திருப்பம் பொதுவாக நிற்கும்.

அளப்பதில் எங்களுக்கு மூன்று அச்சு: முகத் திருப்பம், தலைச் சாய்வு, மோவாய் ஏற்ற இறக்கம். மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். "அசாதாரணத் தலை நிலை உள்ளது" என்று எழுதி வரும் ரெஃபரல் கடிதம் எதற்கும் உதவாது.

சும்மா உட்கார வைத்து அளந்தால் நிஸ்டாக்மஸ் நோயாளியின் திருப்பம் பாதிகூடத் தெரியாது. 6 மீட்டர் தூரத்தில் பார்வை அட்டை, அவரால் படிக்க முடிகிற மிகச் சிறிய வரி. திணறிப் படிக்கும்போதுதான் தலை முழுசாகத் திரும்பும். அந்த நொடியில் அளக்க வேண்டும். பெரிய எழுத்தைக் காட்டினால் தலையைத் திருப்பாமலே படித்துவிடுவார். பக்கத்துப் பார்வைக்கு 33 செ.மீ.யில் தனியாக. தூரத்துக்கும் பக்கத்துக்கும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

இந்த எண் அறுவை மேசைவரை போகிறது. கெஸ்டன்பாம்–ஆண்டர்சன் முறையில் (தலைத் திருப்பத்தைக் குறைக்கும் கண் தசை அறுவை) பார்க்ஸ் வகுத்த 5-6-7-8 அளவு தெரிந்திருக்கும்: ஒரு கண்ணில் மீடியல் ரெக்டஸ் (மூக்குப் பக்கத் தசை) 5 மி.மீ. பின்தள்ளல், மற்றக் கண்ணில் மீடியல் ரெக்டஸ் 6 குறைப்பு, லேட்டரல் (காதுப் பக்கத் தசை) 7 பின்தள்ளல், முதல் கண்ணில் லேட்டரல் 8 குறைப்பு. ஒவ்வொரு கண்ணுக்கும் கூட்டினால் 13. திருப்பம் 30 டிகிரி அளவில் என்றால் இதை 40 சதவீதம் கூட்டுவது வழக்கம்: 7, 8.4, 9.8, 11.2. 45 டிகிரி அளவில் 60 சதவீதம். 20ஐ 30 என்றோ 30ஐ 20 என்றோ அளந்து கொடுத்தால் தவறு மில்லிமீட்டரில் தசையில் இறங்கும்.

அளவெடுக்கும் முன் இன்னொரு காத்திருப்பு: பீரியாடிக் ஆல்டர்னேட்டிங் நிஸ்டாக்மஸா (ஆட்டத்தின் திசை மாறி மாறி வரும் வகை) என்று பார்க்க ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கண் அசைவைக் கவனியுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாறும், தலைத் திருப்பமும் பக்கம் மாறலாம். முதல் நிமிடத்தில் அளந்து கிளம்பிவிட்டால் ஒருபக்கத் திருப்பம் என்றே முடிவாகிவிடும்.

---

தசைநாண்

மேடம், திருப்பத்தை எதை வச்சு அளக்கிறீங்க? போன் இன்க்ளினோமீட்டர் ஆப் போதுமா?

---

ஆர்த்தாப்டிக்ஸ்_மதுரை

சாய்வுக்கும் மோவாய்க்கும் போதும், திருப்பத்துக்குப் போதாது. இன்க்ளினோமீட்டர் புவியீர்ப்பை வைத்து வேலை செய்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவர் தலையைத் திருப்பும்போது சுழல் அச்சு செங்குத்து, புவியீர்ப்பின் திசையில் எந்த மாற்றமும் இல்லை, ஆப் அசையாது. அதனால்தான் கழுத்து அசைவை அளக்கத் தலையில் மாட்டும் சி.ஆர்.ஓ.எம். கருவியில் நெற்றிப் பக்கமும் காதுப் பக்கமும் இரண்டு புவியீர்ப்பு டயல், உச்சியில் மட்டும் திசைகாட்டி, தோளில் ஒரு காந்த நுகம். ஸ்டீல் பீரோ, இரும்புக் கட்டில், பாக்கெட்டில் போன், எல்லாம் அந்த முள்ளை இழுக்கும். முதலில் ஆள் இல்லாமல் கருவியை மட்டும் அதே நாற்காலி மேல் பிடித்து, சுற்றி நகர்த்திப் பாருங்கள். முள் தடுமாறினால் நாற்காலியை இடம் மாற்றுங்கள். சிறு குழந்தைக்கு அந்த ஃபிரேம் மூக்கில் நிற்காது, வழுக்கும். அவர்களுக்கு கோனியோமீட்டர் (இரண்டு கை உள்ள கோணமானி): மையம் உச்சந்தலையில், ஒரு கை பார்வை அட்டையை நோக்கி, மறு கை மூக்கின் நேர்.

கைக்குழந்தையின் சாய்வுக்கு, மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து படம். இரண்டு கண்களின் வெளி ஓரங்களை இணைக்கும் கோடு, இரண்டு தோள் முனைகளை இணைக்கும் கோடு, இவற்றின் இடைக்கோணம். படுக்கையோடு ஒப்பிட வேண்டாம், குழந்தை உடம்பையே வளைத்துப் படுத்திருக்கும். ஆனால் மேலே சொன்னதை மறக்காதீர்கள்: கண் காரணமான சாய்வு படுத்தால் மறையலாம். படுத்த அளவு பூஜ்யம் என்பதால் நோயில்லை என்று ஆகாது, மடியில் உட்கார வைத்தும் ஒரு படம் எடுங்கள்.

---

நரம்பியல்_புறநோயாளி

செர்விகல் டிஸ்டோனியாவுக்கு (கழுத்துத் தசை தானாக இழுத்துத் தலையைத் திருப்பும் நோய்) விதி வேறு. அதற்கான ட்விஸ்டர்ஸ் (TWSTRS) அளவுகோலில் திருப்பம் 1–22 டிகிரி என்றால் 1 மதிப்பெண், 23–45க்கு 2, 46–67க்கு 3, 68–90க்கு 4. பட்டை அகலம் 22 டிகிரி என்பதால் ஒரு டிகிரி துல்லியத்துக்கு உயிரைவிட வேண்டியதில்லை. நிலைதான் முக்கியம். கை மோவாயையோ கன்னத்தையோ தொடக்கூடாது, தலை நாற்காலியில் சாயக்கூடாது. விரல் நுனி கன்னத்தில் பட்டாலே சிலருக்குத் தலை நேராகிவிடும், அந்தத் தொடு உத்தி இந்நோயின் குணம். கண்ணை மூடி, எதிர்க்காமல், தலை போகிற போக்கில் விடச் சொல்லுங்கள். அது போய் நிற்கும் உச்சத்தை எழுதுங்கள். நோயாளிகள் அவமானத்தில் இழுத்துப் பிடிப்பார்கள், அதனால் அறையில் கூட்டம் வேண்டாம்.

இழுக்கும் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால் வீடியோ எடுத்து, எது முன் எது பின் என்று தெரியாத ஒருவரிடம் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இது கழுத்து வலி போட்டோவுக்கும் பொருந்தும். "சிகிச்சைக்குப் பின்" என்று ஃபைலுக்குப் பெயர் வைத்துவிட்டு மார்க்கரின் எந்த ஓரத்தில் கிளிக் செய்வது என்று யோசிக்கும்போது கை தானாகச் சாதகமான பக்கம் போகும்.

---

வாதநோய்_பிரிவு

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் (முதுகெலும்பு இறுகும் வாதநோய்) கோணமே வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். குதிகாலும் முதுகும் சுவரில், மோவாயை உள்ளிழுத்து, தலையைச் சுவரை நோக்கி முடிந்தவரை தள்ளச் சொல்லி, ட்ரேகஸிலிருந்து சுவருக்கு உள்ள தூரம். இரண்டு பக்கமும் எடுத்துச் சராசரி. இந்நோயில் முதுகெலும்பு அசைவுக்கு மதிப்பெண் போடும் பாஸ்மி (BASMI) அளவுகோலின் முதல் அட்டவணையில் 15 செ.மீ.க்குக் கீழே 0, 15–30க்கு 1, 30க்கு மேலே 2. நோயாளி அண்ணாந்து பார்த்து ஏமாற்றுவார், தெரியாமலேதான். மோவாய் மேலே போனால் மறுபடி எடுங்கள். சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்தியிருந்தால் குதிகால் சுவரைத் தொடாது, அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்.

இங்கே "முடிந்தவரை" என்று சொல்கிறோம், மேலே தாடைக்கோடு "நேரா என்று சொல்லாதே" என்கிறார். இரண்டும் சரி. அங்கே அளப்பது பழக்கம், இங்கே அளப்பது இயலும் எல்லை. ஒரே நோயாளிக்கு இரண்டும் எழுதும்போது எது எது என்று குறிக்காவிட்டால் அடுத்து பார்க்கும் மருத்துவர் குழம்புவார்.

---

தசைநாண்

எல்லாருக்கும் நன்றி. இப்ப என் கேள்விக்கே வர்றேன். எத்தனை டிகிரி மாறினா உண்மையான மாற்றம்னு எடுத்துக்கலாம்? 50க்குக் கீழே போனா ஃபார்வர்டு ஹெட் (தலை முன்னால வந்த நிலை)னு படிச்சிருக்கேன். பழைய போட்டோவை ஏதாவது செஞ்சு காப்பாத்த முடியுமா?

---

குறுக்கெலும்பு

50 என்றும் 48 என்றும் ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறும், நின்ற அளவும் உட்கார்ந்த அளவும் ஒன்றல்ல. ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும்போது அந்த எல்லைக்கோடு அவ்வளவு தேவையில்லை. உங்கள் அறையின் பிழை எவ்வளவு என்பதுதான் தேவை, அதை வேறு யாருடைய கட்டுரையிலிருந்தும் கடன் வாங்க முடியாது.

வலி இல்லாத 15, 20 பேரைப் பிடியுங்கள், கூட வேலை செய்பவர்களே போதும். ஒவ்வொருவரையும் ஒருமுறை முழுசாக அளங்கள். மார்க்கரைக் கழற்றி, பசைத் தடத்தையும் துடைத்துவிட்டு, ட்ரைபாடையும் கலைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து மறுபடி அளங்கள். ஒவ்வொருவருக்கும் இரு அளவின் வித்தியாசத்தை, கூட்டல் கழித்தல் குறியோடு, எக்ஸெலில் ஒரு நெடுவரிசையில் போட்டு அதன் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுங்கள். அதை 1.96ஆல் பெருக்குங்கள். டீவியேஷன் 2 வந்தால் விடை 3.9. அதற்கு மேல் மாறினால்தான் மாற்றம் என்று எழுதலாம். ட்ரைபாடும் நூலும் வைத்து அந்த எண்ணைக் குறைக்கலாம், கையில் பிடித்து எடுத்தால் குறையவே குறையாது.

பழைய படங்களில் பின்னால் சுவர் டைல்ஸ் கோடோ கதவுச் சட்டமோ தெரிந்தால் போன் இடம் வலமாகச் சாய்ந்ததைத் திருத்தலாம். அந்தச் செங்குத்துக் கோட்டையே நூலாக வைத்து அளந்துகொள்ளுங்கள். போன் எந்த உயரத்திலிருந்து எடுத்தது என்பதைத் திருத்த வழியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தவரின் இரு தொடைகளின் மேல்பரப்பும் அகலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு படத்தில் தெரிந்து மற்றதில் தெரியவில்லை என்றால் இரண்டும் வேறு உயரம், ஒப்பிடவே கூடாது.

ரிப்போர்ட்டில் வலி மதிப்பெண் குறைந்ததை எழுதுங்கள், அது உண்மை. தலை நிலைக்கு: "சிவிஏ 46, 49, உட்கார்ந்த நிலை, கையில் பிடித்த கேமரா, மாற்றம் அளவுப் பிழைக்குள் அடங்கலாம்." அடுத்த விசிட்டில் ட்ரைபாடோடு ஒரு புது முதல் அளவு எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

---

தசைநாண்

சரி சார். டைல்ஸ் கோட்டை வச்சு பார்த்துட்டேன்: முதல் படத்துல போன் 1.5 டிகிரி சாய்ஞ்சிருக்கு, ரெண்டாவதுல சாய்வு இல்ல. முதல் படத்துல தொடை மேல்பரப்பு நல்லாவே தெரியுது, ரெண்டாவதுல கிட்டத்தட்ட தெரியல. ரிப்போர்ட்டை நீங்க சொன்ன வரியோட மாத்திட்டேன். ட்ரைபாடுக்குச் சொல்லியாச்சு, நூலும் நட்டும் சீலிங் ஹூக்குல கட்டியாச்சு.